பைக்கால் ஏரியின் அடித்தளம்: சேற்று எரிமலைகள், மீத்தேன் கசிவு, பனி வளையங்கள் – விவாத இழை

கரைநிழல்:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சைபீரியாவின் பைக்கால் ஏரி உறைந்திருக்கும் மாதங்களில் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களில், பனித்தளத்தின் மேல் பல கிலோமீட்டர் விட்டமுள்ள கருமையான வளையங்கள் தென்படுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏரியின் அடியிலிருந்து பொங்கி எழும் மீத்தேன்தான் அந்த வளையங்களை உண்டாக்குகிறது என்றும், 1986 ஆம் ஆண்டு கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியில் நடந்ததைப் போல ஒருநாள் பைக்காலும் வாயுவைக் கக்கிவிடும் என்றும் சில காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்க விரும்புவது மூன்று செய்திகள். அவ்வளவு ஆழத்தில் ஏரியின் தரை எப்படி அமைந்திருக்கிறது? அங்கே வாயு எங்கிருந்து வருகிறது? வரும் வாயு மேற்பரப்பை எட்டுகிறதா, வழியிலேயே கரைந்துவிடுகிறதா? நிலவியலும் நீரியலும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாறைப்படுகை:

கரைநிழல் அவர்களே, வாயுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது வெளியேறும் தரையைப் பற்றிப் பேசியாக வேண்டும். தரையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் பைக்காலின் கசிவை விளங்கிக்கொள்ளவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பைக்கால் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கில் தேங்கிய நீர். ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளாக அங்கே நிலமேலோடு இழுபட்டு விரிவதும், நடுப்பகுதி கீழே இறங்குவதும் தொடர்ந்து நடந்துவந்திருக்கின்றன. இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் அந்த விரிவு நடக்கிறது. ஏரியின் மிகுந்த ஆழம் 1,642 மீட்டர். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 456 மீட்டரில் இருப்பதால், ஏரியின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே 1,180 மீட்டருக்கும் மேல் இறங்கிக் கிடக்கிறது. அந்த அடியும் கெட்டியான பாறை அன்று. அதற்குக் கீழே சில இடங்களில் 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் வண்டல் படிந்திருக்கிறது. தரை இறங்க இறங்க, ஆறுகள் கொண்டுவந்த மண் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த 636 கிலோமீட்டர் நீளத் தொட்டி மூன்று படுகைகளாகப் பிரிந்துள்ளது. தெற்குப் படுகைக்கும் நடுப்படுகைக்கும் இடையே, செலெங்கா ஆற்றின் கழிமுகத்துக்கு எதிரே தரை மேடிட்டு நிற்கிறது. நடுப்படுகைக்கும் வடக்குப் படுகைக்கும் இடையே ஓல்கோன் தீவின் பக்கத்திலிருந்து உஷ்கானித் தீவுகளை நோக்கி நீருக்கடியில் ஒரு மலைமுகடு ஓடுகிறது. அதற்கு அகாடமி முகடு என்று பெயர். மேற்குக் கரையில் நிலப்பிளவுகள் செங்குத்தாக இறங்குவதால் கரையிலிருந்து சற்றே விலகினாலும் ஆழம் திடுமெனக் கூடிவிடும். கிழக்குக் கரை அவ்வளவு செங்குத்தானதல்ல. செலெங்கா கொண்டுவரும் மண் அந்தச் சரிவில் நீரடிப் பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. அவற்றுள் குக்குய் பள்ளத்தாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயுக் கசிவைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

இனி வாயு. ஏரியில் வாழ்ந்து மடியும் பாசிகளின் எச்சமும் ஆறுகள் கொண்டுவரும் தாவரக் கழிவும் வண்டலில் புதைகின்றன. உயிர்வளி இல்லாத அந்த ஆழத்தில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. இன்னும் கீழே, பூமியின் வெப்பம் மிகுந்த அடுக்குகளில், அதே கரிமப்பொருள் வெந்து எண்ணெயாகவும் வெப்பவழி வாயுவாகவும் மாறுகிறது. இரண்டு வகையும் பைக்காலில் உண்டு.

மேலேறும் மீத்தேன் குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த வண்டலை அடையும்போது, நீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றிக் கூண்டு கட்டிவிடுகின்றன. பனிக்கட்டியைப் போலவே தோன்றும் இந்தத் திண்மம்தான் வாயு ஹைட்ரேட். பைக்காலின் ஆழநீர் மூன்றரை டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், ஏறத்தாழ 380 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அது நிலையாக இருக்க முடியும். ஏரியின் பெரும்பகுதி அதைவிட ஆழமானது. நில அதிர்வு அலைகளின் பதிவில் ஹைட்ரேட் படலத்தின் அடிப்புறம் எதிரொலித்ததை முதலில் கண்டார்கள். பிறகு 1997 ஆம் ஆண்டு பைக்கால் துளையிடும் திட்டத்தில், தெற்குப் படுகையில் 1,433 மீட்டர் நீருக்கு அடியில் துளையிட்டபோது, தரைக்குக் கீழே 121 மீட்டரிலும் 161 மீட்டரிலும் ஹைட்ரேட் கையில் கிடைத்தது. நன்னீர் ஏரி ஒன்றின் அடியில் அது இருப்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது அப்போதுதான்.

அது ஆழத்தில் புதைந்த ஹைட்ரேட். 2000 ஆம் ஆண்டில் தெற்குப் படுகையின் மாலென்கி என்ற சேற்று எரிமலையில், தரையை ஒட்டிய சேற்றிலேயே ஹைட்ரேட் கிடைத்தது. பல்ஷோய், மால்யூத்கா, ஸ்தாரி ஆகியவை அதன் அக்கம்பக்கத்தில் உள்ள மேடுகள். அங்கே நெருப்புக் குழம்பு எதுவும் இல்லை. வாயுவும் நீரும் பிதுக்கித் தள்ளிய சேறு குவிந்த மேடுகள் அவை. நூற்றுக்கணக்கான மீட்டர் அகலம் இருந்தாலும் உயரம் சில பத்து மீட்டர்களைத் தாண்டுவதில்லை. இவை போசோல்ஸ்காயா பிளவை ஒட்டிக் கிடக்கின்றன என்பதுதான் முதன்மையான செய்தி. பிளவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாயுவுக்கு வழி.

மண்ணியல்மாணவி:

பாறைப்படுகை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. பிளவுதான் வழி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சேற்றைத் தள்ளும் விசை எது என்பதைச் சற்று விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலடிச் சேற்று எரிமலைகள் பெரும்பாலும் மிக ஆழத்தில், அழுத்தம் கூடிய களிமண் அடுக்குகளிலிருந்து பிறப்பவை. தெற்குப் படுகையின் மேடுகளை ஆராய்ந்த பெல்ஜிய, ரஷ்ய ஆய்வாளர்கள் 2002 ஆம் ஆண்டில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பிளவு வழியாக அவ்வப்போது வெப்பமான பாய்மம் மேலேறுகிறது. அது ஹைட்ரேட் படலத்தின் அடிப்புறத்தைச் சூடாக்கி உருக்குகிறது. கூண்டிலிருந்து விடுபடும் வாயுவும் நீரும் இடம் போதாமல் அழுத்தத்தைக் கூட்டி, மேலே உள்ள சேற்றைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகின்றன. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால், மேற்பரப்பு அழுத்தத்தில் 160 கன மீட்டருக்கும் மேற்பட்ட மீத்தேன் வெளிவரும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த விளக்கத்தின் வலு தெரியும். ஆழத்தில் அந்த வாயு அவ்வளவு விரிவதில்லை என்றாலும், அழுத்தத்தைக் கூட்டுவதற்கு அதுவே போதும்.

இங்கேதான் எனக்கு ஐயம். குக்குய் பள்ளத்தாக்கில் உள்ள கே-2 என்ற சேற்று எரிமலையில் இரண்டு வகைக் கூண்டமைப்புள்ள ஹைட்ரேட்டுகள் ஒரே மாதிரியில் அடுத்தடுத்துக் கிடைத்தன. இரண்டாம் வகைக் கூண்டு அமைவதற்கு மீத்தேனோடு ஈத்தேனும் சேர வேண்டும். ஈத்தேன் வெப்பவழி வாயுவின் அடையாளம். அது ஆழத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியானால் எல்லா மேடுகளுக்கும் ஹைட்ரேட் உருகலே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? ஹைட்ரேட் அடுக்குக்கும் கீழேயிருந்து வரும் பாய்மத்துக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

பாறைப்படுகை:

நல்ல கேள்வி, அம்மா. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். வாயு ஆழத்திலிருந்து வந்தால் சேறும் ஆழத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிளவில் மேலேறும் வாயு, வழியில் கிடக்கும் சேற்றைத் தள்ளிக்கொண்டு வரலாம். சேறு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதற்கு அந்தச் சேற்றிலேயே சாட்சி இருக்கிறது. பைக்காலின் வண்டலில் பல அடுக்குகள் டயாட்டம் எனும் சிலிக்கா ஓட்டுப் பாசிகளின் எச்சங்களால் நிறைந்தவை. ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு இனங்கள் வாழ்ந்து அழிந்திருப்பதால், சேற்று எரிமலையின் மேற்பரப்பில் அழிந்துபோன இனத்தின் ஓடு கிடைத்தால், எந்தக் காலத்து அடுக்கிலிருந்து அது பிதுங்கி வந்தது என்று மதிப்பிட முடியும். ஆகவே ஒவ்வொரு மேட்டையும் அதனதன் சேற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். தெற்குப் படுகைக்குச் சொன்ன விளக்கத்தைக் குக்குய்க்கும் அப்படியே பொருத்துவதை நான் ஏற்கவில்லை.

மண்ணியல்மாணவி:

மேட்டுக்கு மேடு தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குக்குயைப் பொறுத்தவரை, வெப்பவழி வாயுவைக் கொண்டுவரும் பிளவு அதே நேரத்தில் வெப்பத்தையும் கொண்டுவருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த வெப்பத்தால் ஹைட்ரேட் உருகுவதும், உருகிய மீத்தேன் ஆழத்து ஈத்தேனோடு கலந்து தரையை ஒட்டி மீண்டும் உறைவதும் நடக்கக்கூடியவையே. ஆதலால் இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் கருதவில்லை.

நீர்நிலைநோக்கி:

தரையைப் பற்றி இருவரும் தெளிவாக எழுதிவிட்டீர்கள். கரைநிழல் அவர்களின் மூன்றாவது கேள்வியை, அதாவது வெளியேறிய வாயு நீரில் என்னவாகிறது என்பதை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

குமிழிகள் எழும் இடத்தின் மேலே கப்பல் செல்லும்போது, எதிரொலிமானியின் திரையில் தரையிலிருந்து கிளம்பும் தீச்சுடர் போன்ற ஒரு வடிவம் தெரியும். நடுப்படுகையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பெயரிடப்பட்ட கசிவிடத்தில், 1,400 மீட்டர் ஆழத்திலிருந்து கிளம்பும் அத்தகைய சுடர் 900 மீட்டர் உயரம் வரை எழுந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரமும் நீரின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. மேற்பரப்புக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் நீர் மிச்சம் இருக்கிறது.

குமிழி இவ்வளவு தொலைவு கரையாமல் வருவது எப்படி? 2008 முதல் 2010 வரை மீர்-1, மீர்-2 என்ற நீர்மூழ்கிக் கலங்கள் பைக்காலில் இறங்கியபோது ரஷ்ய அறிவியல் கழகத்தினர் செய்த ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. கவிழ்த்துப் பிடித்த கண்ணாடிக் குவளை போன்ற ஒரு பொறியைக் கலத்தின் கையால் குமிழிகளின் மேல் நிறுத்தி, உள்ளே நடப்பதைக் கவனித்தார்கள். 405 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரேட் எதுவும் உருவாகவில்லை. 860 மீட்டரில் ஒவ்வொரு குமிழியின் மேலும் கெட்டியான ஹைட்ரேட் தோல் படர்ந்தது. குமிழிகள் சற்று நேரம் உருவம் குலையாமல் நின்று, பிறகு நொறுங்கி, மணலைப் போல உதிரும் துகள்களாயின. 1,400 மீட்டரில் தோல் படர்ந்த குமிழிகள் நொறுங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியான நுரையாகப் பொறியை நிரப்பின. இவற்றை மேலே கொண்டுவந்தபோது, 380 மீட்டர் ஆழம் வரை ஹைட்ரேட் சிதையவில்லை; அந்த ஆழத்தைக் கடந்ததும் சிதைந்து மீத்தேனாக மாறத் தொடங்கியது. கணக்கில் சொன்ன எல்லையும் கண்ணால் கண்ட எல்லையும் இப்படி ஒன்றுபடுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கும் செய்தி. குமிழியின் மேல் படரும் அந்தத் தோல் கரைதலைத் தாமதப்படுத்துவதால்தான் ஆழத்துச் சுடர்கள் அவ்வளவு உயரம் எழுகின்றன.

கரைந்த மீத்தேனுக்கு என்ன ஆகிறது? பைக்காலுக்கும் நியோஸ் போன்ற ஏரிகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நியோஸ் ஏறத்தாழ 200 மீட்டர் ஆழமுள்ள எரிமலை வாய் ஏரி. அதன் அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை. அதனால் கீழிருந்து ஊறும் கரியமில வாயு ஆண்டாண்டுகளாக அடியில் சேர்ந்து, 1986 ஆகஸ்ட் 21 அன்று ஒரே மூச்சில் வெளியேறி 1,700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ருவாண்டா, காங்கோ எல்லையில் உள்ள கிவு ஏரியும் அடுக்கு கலையாதது. அதன் அடிநீரில் ஏறத்தாழ 60 கன கிலோமீட்டர் மீத்தேனும் 300 கன கிலோமீட்டர் கரியமில வாயுவும் கரைந்து நிற்கின்றன. அங்கே அச்சத்துக்குக் காரணம் உண்டு. பைக்காலிலோ, குளிர்ந்த மேல்நீர் காற்றாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் ஆண்டுதோறும் ஆழத்துக்கு இறங்குகிறது. அதனால் 1,600 மீட்டர் ஆழத்திலும் நீரில் உயிர்வளி இருக்கிறது. மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் கரைந்த மீத்தேனைச் சிதைத்துவிடுகின்றன. எனவே பைக்காலின் நீரில் மீத்தேன் குவிவதில்லை. ஹைட்ரேட்டோ வண்டலுக்குள் அழுத்தத்தாலும் குளிராலும் கட்டுண்டு கிடக்கிறது. நியோஸைக் காட்டிப் பைக்காலைப் பற்றி மக்களை அச்சுறுத்துவது தவறு என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

பனி வளையங்களுக்கு வருகிறேன். அவற்றுக்கு மீத்தேன் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து முன்னாளில் பரவலாகச் சொல்லப்பட்டது உண்மை. பிரெஞ்சு, ரஷ்ய, மங்கோலிய ஆய்வாளர்கள் அடங்கிய குழுவொன்று பனியில் துளையிட்டு, அடியில் உள்ள நீரின் வெப்பநிலையையும் ஓட்டத்தையும் அளந்தபோது, வளையத்துக்குக் கீழே வில்லை வடிவில் சுழலும் வெப்பநீர்ச் சுழல் இருப்பது தெரிந்தது. சுழலின் விளிம்பில் ஓட்டம் வேகமாக இருப்பதால் அங்கே பனி அடியிலிருந்து தேய்ந்து மெலிகிறது. மெலிந்த பனி கருமையாகத் தெரிகிறது. மீத்தேன் கசிவில்லாத இடங்களிலும், அண்டை நாடான மங்கோலியாவின் ஹோவ்ஸ்கோல் ஏரியிலும் இதே வளையங்கள் தோன்றுவது இந்த விளக்கத்தை உறுதி செய்கிறது. பனியின் மேல் வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்த விளிம்பு ஆபத்தானது என்பதால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது மிகவும் தேவையானது.

கரைநிழல்:

நீர்நிலைநோக்கி அவர்களே, வளையம் பற்றிய ஐயம் தீர்ந்தது. ஆனால் பைக்காலின் பனிக்குள் வெண்ணிறக் குமிழிகள் தட்டுத் தட்டாக அடுக்கி உறைந்திருக்கும் படங்கள் ஏராளமாக உள்ளனவே. அவை வாயு அல்லவா? மேலும், ஏரியின் தரையில் எண்ணெயே ஊறுகிறது என்று படித்தேன். எண்ணெய் ஊறும் ஏரியின் நீர் இன்னும் தெளிவாக இருப்பது எப்படி?

நீர்நிலைநோக்கி:

அவை வாயுதான். ஆனால் அவை ஆழம் குறைந்த கரையோரத்திலிருந்து, குறிப்பாகச் செலெங்கா கழிமுகத்தை ஒட்டிய சேற்றிலிருந்து எழுபவை. அங்கே குமிழிகள் கரைவதற்கு முன்பே பனியை எட்டிவிடுகின்றன. பனி கீழ்நோக்கித் தடிப்பேறும்போது ஒவ்வொரு முறை எழும் குமிழியும் அதற்குரிய மட்டத்தில் சிறைப்படுவதால் அந்தத் தட்டு அடுக்கு உண்டாகிறது. கசிவு வலுவாக உள்ள இடங்களில், எழும் குமிழிகள் அடியிலுள்ள சற்றே வெப்பமான நீரையும் சேர்த்து இழுத்து வருவதால், பனி உருகித் திறந்த துளைகளாகிவிடும். அந்த ஊர் மீனவர்கள் அத்தகைய இடங்களை அறிந்து விலகிச் செல்கிறார்கள். காணொளிகளில் இந்தச் சிறிய துளைகளையும் கிலோமீட்டர் கணக்கிலான வளையங்களையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

பாறைப்படுகை:

எண்ணெயைப் பற்றி நான் சொல்கிறேன். நடுப்படுகையின் கிழக்குக் கரையில் கரேவோய் உத்யோஸ் முனைக்கு அருகே, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில், தரையிலிருந்து எண்ணெயும் வாயுவும் சேர்ந்து கசிகின்றன. இந்த இடம் 2005 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மீர் கலங்கள் அங்கே இறங்கியபோது, கெட்டித் தார் மேடுகளாக உயர்ந்து நிற்பதையும், அவற்றின் நுனியிலிருந்து எண்ணெய்த் துளிகள் பிரிந்து மேலெழுவதையும் கண்டார்கள். எண்ணெயின் இலகுவான பகுதி பிரிந்து மேலே போகிறது; கனத்த பகுதி தரையிலேயே தங்கி மேடு கட்டுகிறது. அங்கு கசியும் அளவு ஆண்டுக்குச் சில டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏரியின் கொள்ளளவோ ஏறத்தாழ 23,600 கன கிலோமீட்டர். அந்தச் சில டன்னையும் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கசிவிடத்தைச் சுற்றியே பெரிதும் தின்றுவிடுகின்றன. எண்ணெய்க் கசிவு அங்கே இன்று நேற்றுத் தொடங்கியதல்ல; அந்த நுண்ணுயிர்களுக்கு அது பழகிய உணவு.

இதை வைத்து, ஏரியில் மனிதர் கொட்டும் எண்ணெயையும் ஏரியே பார்த்துக்கொள்ளும் என்று யாரும் வாதிடக் கூடாது. துளித்துளியாகக் கசியும் ஓர் இடத்தில் வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம் வேறு. ஒரே நாளில் கரையோரம் கவிழும் எண்ணெய் வேறு.

தென்றல்வழி:

இழையை ஆவலோடு படித்துவருகிறேன். இவ்வளவு மீத்தேன் தரையடியில் உறைந்து கிடக்கிறது என்றால், அதை எரிபொருளாக எடுப்பதில் என்ன தடை? சைபீரியாவின் குளிர்காலத்துக்கு எரிபொருள் இன்றியமையாதது. கரையோர ஊர்களில் நிலக்கரியை எரித்து உண்டாகும் புகையைவிட மீத்தேன் தூய்மையானது. ஏரியின் அடியிலிருந்தே குழாய் மூலம் எடுத்துக்கொண்டால் மக்களுக்கும் நன்மை, காற்றுக்கும் நன்மை என்று எனக்குத் தோன்றுகிறது. கிவு ஏரியில் மீத்தேனை எடுத்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள் அல்லவா?

மண்ணியல்மாணவி:

தென்றல்வழி அவர்களே, கரையோர மக்களின் தேவையை நீங்கள் முன்னிறுத்தியது சரியானதே. ஆனால் கிவுவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ள முடியாது. கிவுவில் மீத்தேன் நீரில் கரைந்திருக்கிறது. அடிநீரைக் குழாயில் மேலே கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்து வாயு தானே பிரிந்துவிடும்; மேலும் அங்கே வாயுவை எடுப்பது ஆபத்தைக் குறைக்கவும் உதவுகிறது. பைக்காலில் அது வண்டலுக்குள் திண்மமாகக் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் வண்டலின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சூடாக்க வேண்டும். வண்டல் துகள்களைப் பிணைத்து நிற்கும் ஹைட்ரேட் உருகினால் அந்த வண்டலின் உறுதி குலையும்.

அது எப்படிப்பட்ட தரை என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1862 ஜனவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் செலெங்கா கழிமுகத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் நிலம், ஏரிக்குள் அமிழ்ந்தது. இன்றைய புரோவால் விரிகுடா அப்படித் தோன்றியதுதான். 2008 ஆகஸ்டில் ஏரியின் தெற்கு முனையில் 6-க்கும் மேற்பட்ட அளவில் மீண்டும் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. தானாகவே நிலைகுலையும் அத்தகைய சரிவில் துளையிட்டு, சூடாக்கி, வாயு எடுப்பதை நான் எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன். 1996 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஏரி அது என்பதை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன். அந்தத் தகுதி இல்லாதிருந்தாலும் என் நிலைப்பாடு இதுவே.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஆம் ஆண்டு அமெரிக்க, சோவியத் ஆய்வாளர்கள் வடக்குப் படுகையின் ஃப்ரோலிகா விரிகுடாவில் ஏறத்தாழ 420 மீட்டர் ஆழத்தில் வெந்நீர்க் கசிவைக் கண்டார்கள். தரையில் வெண்ணிறப் பாக்டீரியப் படலம் பாய் விரித்ததுபோல் படர்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கடற்பஞ்சு இனத்தைச் சேர்ந்த நன்னீர்ப் பஞ்சுகளும், நத்தைகளும், இறால் வகைச் சிற்றுயிர்களும் கூடி வாழ்ந்தன. சூரிய ஒளியை நேரடியாக நம்பாமல், தரையிலிருந்து வரும் மீத்தேனின் கரிமத்தை உணவாக்கிக்கொள்ளும் உயிர்க்கூட்டம் நன்னீரிலும் உண்டு என்பதை அந்த இடம் காட்டியது. கசிவை வெறும் எரிபொருளாகப் பார்க்கத் தொடங்கினால், அதைச் சுற்றி வாழும் இந்த உயிர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்துவிடுவோம்.

தென்றல்வழி:

விளக்கத்துக்கு நன்றி. சரிவின் நிலைகுலைவு பற்றிய வாதம் வலுவானது, அதை ஏற்கிறேன். ஆனாலும் கரையோர ஊர்களுக்குத் தூய எரிபொருள் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. நிலத்தில் கிடைக்கும் இயற்கை வாயுவைக் குழாய் வழியாக அங்கே கொண்டுசெல்வதே அதற்கு உரிய வழி. கடைசியாக ஒரு கேள்வி: புவி வெப்பமாவதால் அந்த ஹைட்ரேட் தானாகவே உருகிவிடாதா?

நீர்நிலைநோக்கி:

ஆழத்தைப் பொறுத்து இதற்கு விடை மாறும். 1946 முதல் அறுபது ஆண்டுகள் விடாமல் எடுத்த அளவீடுகளின்படி, ஏரியின் மேல்நீர் ஏறத்தாழ 1.2 டிகிரி வெப்பமடைந்திருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே இருக்கும் நீர் அதற்கு ஈடாக வெப்பமடையவில்லை. அங்கே அழுத்தமும் தேவைக்கு மிக அதிகமாக இருப்பதால், ஓரிரு டிகிரி உயர்ந்தாலும் ஹைட்ரேட் நிலைத்தே இருக்கும். கவனிக்க வேண்டியது 380 முதல் 500 மீட்டர் வரை உள்ள சரிவுப் பகுதி. அங்கே ஹைட்ரேட் தன் எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. அரை டிகிரி மாற்றமும் அந்த எல்லையைப் பல மீட்டர் கீழே தள்ளிவிடும்.

அதற்காகவே ஒவ்வொரு கோடைகாலத்திலும் அதே வழித்தடங்களில் எதிரொலிமானியை இயக்கி, சுடர்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்ப்பது இன்றியமையாதது என்று கருதுகிறேன். சுடர்கள் எப்போதும் ஒரே சீராக எரிவதில்லை. ஓர் ஆண்டு வலுவாக எழுந்த இடம் மறு ஆண்டு அடங்கியிருக்கும், நிலநடுக்கத்துக்குப் பிறகு வலுவாவதும் உண்டு. ஓர் ஆண்டின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு கசிவு பெருகிவிட்டது என்றோ, குறைந்துவிட்டது என்றோ சொல்ல இயலாது. பாறைப்படுகை அவர்களுக்கு வாய்ப்பிருந்தால், செலெங்கா சரிவில் அந்த 380 முதல் 500 மீட்டர் வரையான பட்டையில் பிளவுகள் எங்கெங்கே வெட்டிச் செல்கின்றன என்பதை அடுத்த பதிவில் விளக்குங்கள். எந்தெந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டும் என்பது அதைக் கொண்டுதான் தெளிவாகும்.